தண்ணீர் போன வழி

பழைய அம்பாஸடர் காரை இன்னும் வைத்துக் காப்பாற்றி வருகிறவர்களுக்கு ஒரு விசாரம் உண்டு. காலையில் பானட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், முந்தின நாள் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய மட்டத்தில் இராது. வண்டிக்குக் கீழே தரை காய்ந்து கிடக்கும். ரப்பர் குழாய்களைத் தடவினால் விரலில் ஈரம் ஒட்டாது. ஆயினும் ஒரு செம்புத் தண்ணீர் போன இடம் தெரியாமல் போயிருக்கும். "வண்டி தண்ணி குடிக்குது" என்று டிரைவர்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். குடித்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறிற்று என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுருக்கமான காரியம் அல்ல. அந்தக் காரியத்தில் தேர்ந்தவர் என்று பலரும் சொல்லக் கேட்ட ஒரு மேஸ்திரி, வேலை செய்யும்போது அருகிலிருந்து பார்த்துக்கொள்ள எனக்கு இடம் கொடுத்தார்.

சென்னையில் எழும்பூரை ஒட்டிக் கூவத்தின் கரையில் இருக்கும் புதுப்பேட்டை, ஆயுள் முடிந்த மோட்டார் வண்டிகளைப் பிரித்து அங்கம் அங்கமாக விற்கும் கடைகளுக்குப் பேர்போன இடம். கதவுகளும் கியர் பெட்டிகளும் அச்சுகளும் வாசல் வரையில் அடுக்கிக் கிடக்கும் அந்தக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், தகரக் கூரையின் கீழே ஒரே சமயத்தில் இரண்டு வண்டிகளுக்கு மேல் நிற்க முடியாத அவருடைய பட்டறை இருக்கிறது. அறுபதைத் தாண்டிய மெலிந்த தேகம். மூக்குக்கண்ணாடியின் இரு காம்புகளையும் கயிற்றால் பிணைத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். "மேஸ்திரி" என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டு பையன்கள் உடனிருந்து வேலை கற்கிறார்கள். அன்று அங்கே நின்றுகொண்டிருந்த வெள்ளை அம்பாஸடரின் சொந்தக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வேறொரு பட்டறையில் வாட்டர் பாடி என்கிற தண்ணீர் பம்பை மாற்றி, குழாய்களை மாற்றி, ஹெட்டையும் இறக்கிக் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டு, அவ்வளவு செலவுக்குப் பிறகும் தண்ணீர் குறைவது நிற்காமல் மனம் சலித்து வந்திருந்தார்.

1957-இல் தொடங்கி 2014 மே மாதம் உத்தரபாராவில் தொழிற்சாலை நின்றுபோகும் வரையில் உற்பத்தியாகி வந்த அம்பாஸடரின் உருவம் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரிலிருந்து வந்தது. பல்லாண்டுகள் அதைச் சுமந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே தேசத்து வம்சந்தான். பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. எத்தனை அடி பட்டாலும் தாங்கும் அந்த இரும்புக்குத் துரு ஒன்றுதான் ஜன்ம விரோதி. எரிகிற பெட்ரோலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற தண்ணீர், அந்த இரும்பை உள்ளிருந்தபடியே வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டும் இருக்கிறது.

மேஸ்திரி ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவரை விசாரிக்கத் தொடங்கினார்.

"எவ்ளோ குறையுது சார்? ஓடினா குறையுதா, நிக்கிறப்பவே குறையுதா? காலையில எதுவரைக்கும் ஊத்துறீங்க?"

"விளிம்பு வரைக்கும் ஊத்திடுவேன் மேஸ்திரி."

"அதுல கொஞ்சம் அதுவே வெளியே தள்ளிடும் சார். அதைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் பார்க்கணும்."

இது நியாயமான கணக்கு. முப்பது டிகிரியில் இருக்கும் தண்ணீர் கொதிநிலையை நெருங்குவதற்குள் கிட்டத்தட்ட நூற்றுக்கு நான்கு பங்கு பருத்துவிடுகிறது. பத்து லிட்டர் தண்ணீர் இருந்தால் 400 மில்லிலிட்டருக்குப் புதிதாக இடம் வேண்டும். பிந்திய கால வண்டிகளில் அந்த மிகுதியை வாங்கி வைத்துக்கொண்டு, எஞ்சின் குளிர்ந்ததும் திருப்பிக் கொடுக்கத் தனியே ஒரு பாட்டில் உண்டு. இந்த வண்டியில் அது வழிகுழாய் மூலமாக ரோட்டில் போய்விடும். ஆகவே விளிம்பு வரையில் நிரப்புகிறவர், இல்லாத கசிவு ஒன்றைத் தாமே தினந்தோறும் உண்டாக்கிக்கொள்கிறார். அதைத் தள்ளிய பிறகும் கணக்கு உதைத்ததால்தான் மேஸ்திரி எழுந்து வண்டியின் அருகே போனார்.

முதல் பரிசோதனை, எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது, கண்ணாலும் விரலாலும் செய்வது. தண்ணீர் போய்விட்டாலும் அது வந்த சுவடு போவதில்லை. ஆவியாகும்போது தன்னிடமிருந்த உப்பை வெள்ளைப் பொருக்காகவும் துருவைச் செந்நிறக் கோடாகவும் இரும்பின்மேல் விட்டுச் செல்கிறது. ஆனால் சுவடு இருக்கும் இடமெல்லாம் கசிவு இருக்கும் இடமாகிவிடாது. முன்னால் சுழலும் விசிறி, ஒரு துளி வெளிப்பட்டதும் அதைப் பின்னோக்கி வாரி இறைத்துவிடுகிறது. நனைந்த இடத்தைக் கண்டவுடன் அங்கேயே கழற்ற ஆரம்பிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். மேஸ்திரி விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. வாட்டர் பாடியின் அடிவயிற்றில், உள்ளே சீல் தேய்ந்தால் தெரிவிப்பதற்கென்றே விடப்பட்டிருக்கும் சிறு துவாரத்தில் ஒரு கம்பியை விட்டு எடுத்தார், காய்ந்திருந்தது. மேல் குழாய், கீழ்க் குழாய், கிளிப்புகள், ஹெட்டின் நெற்றியில் உட்கார்ந்திருக்கும் தெர்மோஸ்டாட் மூடி எல்லாவற்றையும் தடவினார். தெர்மோஸ்டாட் மூடிதான் இருந்தது. உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. நம் ஊருக்கு அது வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. அது தவறான பழக்கம். எஞ்சின் தனக்குரிய உஷ்ணத்தை அடையவிடாமல் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோலும் வீணாகிறது, சிலிண்டரும் சீக்கிரம் தேய்கிறது. "இதையும் வாங்கிப் போட்டுடணும்" என்று மேஸ்திரி முணுமுணுத்ததைக் கேட்டு எனக்குத் திருப்தி உண்டாயிற்று.

அடுத்ததாக அவர் எடுத்தது அவரே செய்துகொண்ட ஒரு கருவி. பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் துளையிட்டு, சைக்கிள் டியூபின் வால்வைப் பற்றவைத்து, பக்கத்தில் ஒரு சிறு அழுத்தமானியையும் பொருத்தியிருந்தார். அதை ரேடியேட்டரின் வாயில் முறுக்கிவிட்டு ஒரு பையன் சைக்கிள் பம்பால் காற்றடிக்க, முள் மெல்ல ஏறி ஏழைத் தொட்டது. வண்டியின் சொந்த மூடியிலும் 7 என்றே பொறித்திருந்தது. சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு அழுத்தம் வரையில் மூடி திறவாமல் பிடித்திருக்கும் என்பது அதற்குப் பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 111 டிகிரி வரையில் பொறுத்திருக்கிறது. கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சினின் மூடியை அவசரப்பட்டுத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் அநேகர். ஈரச் சாக்கைப் போட்டு, முதல் தடை வரையில் மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கிய பிறகே கழற்ற வேண்டும் என்பதைப் பையன்களுக்கு முதல் பாடமாக அவர் சொல்லி வைத்திருக்கிறார்.

முள் ஏழில் நிற்கவில்லை. கண்ணிமைக்காமல் பார்த்தால்தான் தெரியக்கூடிய வேகத்தில் இறங்கியது. ஆகவே வழி ஒன்று இருக்கிறது என்பது நிச்சயமாயிற்று. அது உள்வழியா, வெளிவழியா என்பதே அடுத்த கேள்வி. புகையைக் கண்டு நெருப்பை அநுமானிப்பதைத் தர்க்க சாஸ்திரத்தில் முதல் உதாரணமாகச் சொல்வார்கள். இந்தப் பட்டறையில் அந்த அநுமானம் புத்தகம் இல்லாமலே கிரமமாக நடைபெறுவதைக் கண்டேன். ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால் சைலன்ஸரில் வெண்புகை விடாமல் வர வேண்டும். அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மட்டும் நீராவியால் கழுவப்பட்டு மற்றவற்றைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். ஆயிலில் கலந்தால் டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்துக்கு மாற வேண்டும். சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் புகுந்தால், மூடியில்லாமல் எஞ்சினை ஓட்டும்போது ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் ஓயாமல் கிளம்ப வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒரு துணியின்மேல் வரிசையாக வைத்தார். நான்கும் ஒரே பழுப்பு. எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. குமிழி இல்லை. முன் பட்டறையில் ஹெட்டை இறக்கியது வீண் என்பது இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆயினும் பெரியவர் அந்தப் பட்டறையைப் பற்றி வெம்பிப் பேசத் தொடங்கியபோது மேஸ்திரி அதில் கலந்துகொள்ளவில்லை.

என் அபிப்பிராயத்தில், பெரும்பாலான பட்டறைகளில் சோதிப்பதற்கு முன்பே கழற்றிவிடுவதற்குக் காரணம் அறியாமை மாத்திரம் அல்ல. மாற்றிய சாமானுக்குப் பில் உண்டு. கழற்றி மாட்டியதற்குக் கூலி உண்டு. ஒன்றையும் கழற்றாமல் ஒரு பகற்பொழுது உட்கார்ந்து யோசித்ததற்குக் கூலி கேட்க எவருக்கும் வாய் வருவதில்லை, கொடுக்கவும் எவருக்கும் மனம் வருவதில்லை. இந்த ஏற்பாட்டினால் பொறுமைசாலியான தொழிலாளி நஷ்டப்படுகிறார், வண்டிக்காரரும் நஷ்டப்படுகிறார்.

பிறகு நடந்ததை நான் மிகவும் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். காற்றுக் குழாயால் எஞ்சினின் ஒவ்வொரு மூலையையும் ஊதி உலர்த்திவிட்டு, மேஸ்திரி முகப் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, இணைப்புகள்மீதும் பிளாக்கின் பக்கச் சுவர்மீதும் மெல்லத் தூவினார். கரிய இரும்பு வெளுத்தது. பையன் மறுபடியும் காற்றடித்தான். ஒருவரும் பேசவில்லை. சற்று நேரம் சென்ற பின், கம்பியில் கட்டிய சிறு கண்ணாடியைப் பின் மூலையில் நுழைத்து டார்ச்சை அதன்மேல் பிடித்தவர், "தோ பாருங்க சார்" என்றார். கண்ணாடிக்குள், வெண்பொடியின் நடுவே மிளகளவு ஒரு கரும்புள்ளி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பக்கமாக நீண்டு, கீழே ஒரு கோடு இழுத்தது. அவர் நடுவிரலை வளைத்து உள்ளே விட்டுத் தொட்டு எடுத்துக் காண்பித்தார். விரல் நுனியில் துருவேறிய ஈரம்.

அது கோர் பிளக். இரும்பை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் வழிகளுக்காக உள்ளே மணலால் கருக்கள் வைப்பார்கள். வார்ப்பு இறுகிய பின் அந்த மணலை வெளியேற்றப் பிளாக்கின் சுவரில் வட்டத் துவாரங்கள் வேண்டியிருக்கின்றன. அந்தத் துவாரங்களை மெல்லிய எஃகு மூடிகளால் அடைத்துவிடுகிறார்கள். பிளாக்கின் சுவர் பருமனானது. மூடியோ வெறும் தகடு. துரு அதைத்தான் முதலில் துளைக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கையில் அழுத்தம் இல்லாததால் கசிவு இல்லை. ஓடிக்கொண்டிருக்கையில் கசிந்த துளி சூடான இரும்பின்மேலேயே ஆவியாகிவிடுகிறது. தரை நனையாத மர்மம் இவ்வளவுதான்.

உளியால் அந்தத் தகட்டைத் துளைத்து நெம்பி எடுத்தபோது, தண்ணீரைத் தொடர்ந்து செங்காவிச் சேறு பிதுங்கி வந்தது. பல வருஷங்களாகப் போர் தண்ணீரையே ஊற்றி வந்ததன் பலன் அது. நகரத்து நிலத்தடி நீரின் உப்பு, சூடேற ஏறச் சுண்ணாம்பாகப் படிந்து, துருவோடு சேர்ந்து, தண்ணீர் மந்தமாக ஓடும் பின் மூலையில் தங்கிவிடுகிறது. "வழியில ஒரு டிரைவர் சொன்னார்னு மஞ்சள் தூளும் போட்டேன்" என்றார் பெரியவர். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது நெடுஞ்சாலை டிரைவர்களின் கைவைத்தியம். ஆபத்துக்கு உதவும், ஊர் வந்து சேரலாம். சேர்ந்த பிறகு அதைக் கழுவி வெளியேற்றாவிட்டால் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அது அடைத்துக்கொள்ளும். எனவே ரேடியேட்டரும் இறங்கிற்று.

அது போன இடம் நாலு கடை தள்ளி இருக்கும் ரேடியேட்டர் பட்டறை. அது தனித் தொழில். மேல் தொட்டியை உருக்கிப் பிரித்து, பித்தளைக் குழாய் ஒவ்வொன்றிலும் தட்டைக் கம்பியை விட்டு அடைப்பை இடித்துத் தள்ளி, மறுபடியும் ஈயத்தால் பற்றவைத்து, வாய்களை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றை ஏற்றி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இக்காலத்து ரேடியேட்டர்களில் இந்த வேலை செல்லாது. ஆகவே கற்றுக்கொள்ள ஆள் வருவதும் குறைந்துவிட்டது என்று அங்கே இருந்தவர் சொன்னார். அவர் முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அமிலப் புகை சுருண்டு எழும்போது தோள் துண்டால் மூக்கை மூடிக்கொள்கிறார். ஈயப் புகையை ஒரு துண்டு தடுக்காது. அது இரத்தத்தில் சேர்ந்து வருஷக்கணக்கில் தேகத்தைக் கெடுக்கும் விஷம். புகையை இழுத்து வெளியே விடும் விசிறி ஒன்று அந்தச் சுவரில் இருந்தாக வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். "இடம் வாடகை சார், சுவத்தை இடிக்க விடமாட்டாங்க" என்றார். இது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மேஸ்திரியின் பையன் ஜி.பி. ரோடுக்குப் போய்ப் பித்தளைக் கோர் பிளக்குகளை வாங்கி வந்தான். எஃகைப் போல் பித்தளை துருப்பிடிப்பதில்லை. துவாரத்தின் விளிம்பை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, ஷெல்லாக் தடவி, அளவான ஒரு உருளையை வைத்துச் சுத்தியலால் நிதானமாக அடித்து இறக்கினார்கள். கசிந்த ஒன்றை மாற்றினால் போதாதா என்று பெரியவர் கேட்டார்.

"எல்லாம் ஒரே நாள்ல போட்ட தகடு சார். ஒண்ணு போச்சுன்னா மத்ததும் அதே வயசுதான். இப்பவே மாத்திடலாம்."

பெரியவர் சம்மதித்தார். பிளாக்கைத் தெளிந்த தண்ணீர் வரும் வரையில் கழுவி, ரேடியேட்டரை ஏற்றி, புதுத் தெர்மோஸ்டாட்டையும் வைத்து, கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த தண்ணீரைக் கலந்து ஊற்றினார்கள். பனி உறையாத நம் சீதோஷ்ணத்தில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள், துருவைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது என்பதை அறிய வேண்டும். மறுபடியும் முள் ஏழுக்கு ஏறிற்று, பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், இறங்கவில்லை.

பில் எழுதும்போது பையன் பிளக், ஷெல்லாக், கூலன்ட், ரேடியேட்டர் வேலை என்று வரிசையாக எழுதிவிட்டு மேஸ்திரியைப் பார்த்தான். "பார்த்த கூலின்னு தனியா ஒரு வரி போடு" என்றார் அவர். பெரியவர் பேரம் பேசாமல் கொடுத்தார். வண்டியை எடுக்கப் போனவரை மேஸ்திரி நிறுத்தி, ரேடியேட்டரின் வாய்க்குள் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்: "இதுக்கு மேல ஊத்தாதீங்க சார். ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க, கிளிப்பெல்லாம் ஒரு தடவை இறுக்கித் தர்றேன். நடுவுல குறைஞ்சா நீங்களா ஊத்திடாதீங்க. எவ்ளோ குறைஞ்சுதுன்னு பார்த்து எழுதி எடுத்துக்கிட்டு வாங்க."