பஞ்சிகாவத்தையில் ஒரு பகல்

கொழும்புக்குப் புறப்படுகின்றோம் என்று சொன்னால், "காலிமுகத்திடலுக்கோ, மிருகக்காட்சிச் சாலைக்கோ, நகை வாங்கச் செட்டியார் தெருவுக்கோ?" என்று வினவுவது எம்மவர் வழக்கம். "பஞ்சிகாவத்தைக்கு" என்று நாம் விடை பகர்ந்தபோது, வேலியின் மறுபுறத்திலே நின்ற அயலவர் எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பழைய இரும்பு வாங்குவதற்காக இரவு முழுவதும் ரயிலிற் கண் விழிப்பவரும் உளரோ என்பது அப்பார்வையின் பொருள். உளர் என்பதற்கு நாமே சான்று.

எமக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு பொருள். இரு கைகளால் ஏந்தக்கூடிய சிறிய இயந்திரம், பெயர் மக்னீற்றோ. அது இல்லாமையால் எம் தந்தையாரின் மோட்டார்ச் சைக்கிள் பல்லாண்டுகளாகக் கொட்டிலிலே ஊமையாய் நின்றது.

வண்டியின் வரலாறு

அந்த வண்டி பி.எஸ்.ஏ. எம்20 என்னும் இனத்தது. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் பலர் கூடி 1861இல் அமைத்த நிறுவனமே பி.எஸ்.ஏ. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துக் கூட்டி வைத்தாற்போன்ற அதன் இலச்சினை அந்தப் பிறப்பை நினைவூட்டுவதாகும். இரண்டாம் உலகப் போரின்போது அந்நிறுவனம் ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட எம்20 வண்டிகளைப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. 1940 நவம்பரில் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலைமீது குண்டுகள் வீழ்ந்தபோது தொழிலாளர் ஐம்பத்து மூவர் மாண்டனர். 

எம் தந்தையார் 1965ஆம் ஆண்டில், தாம் இளம் ஆசிரியராய் இருந்த காலத்தில், மலைநாட்டுத் தோட்டமொன்றின் உத்தியோகத்தரிடமிருந்து அதனை வாங்கினார். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. வண்டி ஓட்டுபவர் எவராயினும் பாதிக் கம்மியராகவும் இருந்தாக வேண்டும். 1977இன் பின்னர் ஜப்பானிய வண்டிகள் ஊரெங்கும் நிறைந்தபோதும் தந்தையார் தமது பி.எஸ்.ஏ.யைக் கைவிட்டாரல்லர்.

அதன் அருமையை ஊரவர் உணர்ந்தது 1990இன் பின்னர்தான். வடக்குக்குப் பெற்றோலும் பற்றறியும் வருவது தடைப்பட்டது. புது வண்டிகள் பல தாழ்வாரங்களிலே உறங்கின. எம்20 ஓடியது. அதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, அதன் உருளையினுள் வாயு அழுத்தப்படும் அளவு மிகக் குறைவு. ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. ஆதலால் சில துளி பெற்றோலைக் காட்டிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெயிலும் அது மெல்ல ஓடும். இரண்டாவது, மக்னீற்றோ.

மாணவர்களுக்காக இங்கே ஓரிரு வார்த்தை கூறுதல் தகும். காந்தமொன்றின் இரு முனைகளுக்கிடையே கம்பி சுற்றிய உருளி ஒன்று சுழல்கின்றது. தடித்த கம்பி சில சுற்றும், மயிரிழை போன்ற மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றும் அதில் உண்டு. சுழற்சியினால் தடித்த கம்பியிலே மின்னோட்டம் பிறக்கும். அவ்வோட்டம் உச்சத்தை எட்டும் கணத்தில் ஒரு சிறு தொடுவாய் திறந்து அதனைத் துண்டிக்க, மெல்லிய கம்பியிலே பேரழுத்த மின் எழுந்து பொறியாகப் பாய்கின்றது. பொறிக்குப் பற்றறி வேண்டுவதில்லை. கால் உதைத்தால் போதும்.

நாவற்குழியில் வைத்த பை

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த செய்தியை இங்கே விரிக்க வேண்டியதில்லை. எமக்கு அப்போது வயது பதினைந்து. அந்நெரிசலிலே வண்டியைக் கொண்டு செல்ல இயலாதென்று கண்ட தந்தையார், அதனை எவரும் இயக்காதிருத்தற்பொருட்டு மக்னீற்றோவைக் கழற்றி, எண்ணெய்த் துணியிற் சுற்றி, ஒரு பையில் இட்டுக்கொண்டார்.

மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை அணுகும்போது அப்பாச்சியால் மேற்கொண்டு ஓர் அடியும் எடுத்து வைக்க முடியவில்லை. தந்தையார் பையை வீதியோரத்தில் வைத்துவிட்டுத் தம் தாயாரைத் தோளிலே தூக்கிக்கொண்டார். பையைத் திரும்பிப் பார்த்ததாக எமக்கு நினைவில்லை.

1996இல் நாம் வீடு திரும்பியபோது கூரை வீழ்ந்திருந்தது. ஓடுகளின் கீழே வண்டி கிடந்தது. காபரேற்றரும் விளக்கும் போயிருந்தன. தந்தையார் அதனைத் துடைத்துக் கொட்டிலில் நிறுத்தினார். அதன் பின்னர் அவ்வண்டியைப் பற்றி அவர் வாய் திறந்ததேயில்லை.

தேடல்

அவருக்கு எண்பது வயது நிறைந்த ஆண்டிலே, வண்டியை மீண்டும் ஓடச் செய்வதென்று நாமும் எம் மூத்த மகனும் முடிவு செய்தோம். சுன்னாகத்துக் கம்மியர் ஒருவர், "புது வண்டியின் கொயிலைப் பூட்டிப் பற்றறி வைத்தால் ஒரே நாளில் ஓட வைக்கிறேன்" என்றார். அவர் கூற்றிலே பிழையில்லை. ஆயினும் எம் மனம் ஒப்பவில்லை. தந்தையாரை மண்ணெண்ணெய்க் காலத்திலே சுமந்தது எதுவோ, அதுவே மீளவேண்டும் என்னும் பிடிவாதம் எம்மைப் பற்றியிருந்தது.

முதலிலே ஸ்பானர்களைத் தேடினோம். மில்லிமீற்றர்க் கணக்கிலுள்ள இக்காலத்து ஸ்பானர்கள் பழைய ஆங்கில வண்டிகளின் நட்டுகளுக்குப் பொருந்தா. பலவந்தமாகத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிப் போகும். ஜோசப் விட்வேர்த் என்னும் பொறியியலாளர் 1841இல் வகுத்த அளவு முறைக்குரிய ஸ்பானர்கள் வேண்டும். அவை ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் பெட்டியிற் கிடைத்தன. அமால் காபரேற்றர் ஒன்று வடமராட்சியிலே ஒரு தோட்டக்காரரின் கொட்டிலிலிருந்து வந்தது. சக்கரம் பத்தொன்பது அங்குலம்; அந்த அளவு ரயர் இன்றும் கடைகளில் உண்டு. மக்னீற்றோ மாத்திரம் குடாநாடெங்கும் அகப்படவில்லை. எவரைக் கேட்பினும் "பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாருங்கள்" என்பதே விடையாயிற்று.

இரும்புக் கடல்

விடியற்காலையில் மருதானை நிலையத்தில் இறங்கி, தேநீர் அருந்திவிட்டு நடந்தோம். 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் இப்பகுதியிலேதான் உள்ளது. ஒருகாலத்திற் சிங்கள நாடக மேடையின் தாயகமாய் விளங்கிய அம்மண்டபத்தைச் சூழ, இன்று உதிரிப்பாக வாணிகம் பரந்து கிடக்கின்றது.

ஒழுங்கை ஒழுங்கையாகக் கடைகள். மாட்டின் விலாவெலும்புகள் போலக் கார்க் கதவுகள் வரிசையாகத் தொங்குகின்றன. கியர்ப் பெட்டிகள் படிக்கட்டுகளாக அடுக்கப்பட்டுள்ளன. எண்ணெய் ஊறிக் கறுத்த தரையிலே வழுக்காது நடப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஒரு கடையிற் சிங்களம், அடுத்ததில் தமிழ், அதற்கடுத்ததில் இரண்டும் கலந்த பேச்சு. கடைக்காரர் எவரும் பட்டியலைப் பார்ப்பதில்லை. "எம்20" என்றதும் ஒருவர் தலையை அசைத்தார், ஒருவர் சிரித்தார், ஒருவர் தம் தந்தையாரும் அதனை ஓட்டியதாகச் சொல்லி எமக்கு நாற்காலி தந்தார்.

பத்து மணியளவில் ஒரு கடையிலே லூக்காஸ் மக்னீற்றோ ஒன்றைக் கண்டோம். பளபளவென மினுக்கியிருந்தார்கள். எம் கை பணப்பைக்குச் சென்றுவிட்டது. மகனோ தகட்டைத் துடைத்துப் பார்த்து, "அப்பா, அம்புக்குறி மறுபக்கம் காட்டுகின்றது" என்றான். மக்னீற்றோக்கள் வலமாகச் சுழல்வனவும் இடமாகச் சுழல்வனவும் என இரு வகைப்படும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று பயன்படாது. அந்நேரம் அவன் வாய் திறந்திராவிட்டால் எம் பணம் பறந்திருக்கும்.

நண்பகல் ஆயிற்று. வெயிலும் களைப்பும் சேர்ந்து, கொயிலே போதுமோ என்று எண்ணத் தலைப்பட்டோம். அப்போதுதான் ஒழுங்கையின் முடிவிலே, ஓர் ஆள் மாத்திரம் இருக்கக்கூடிய சிறு கடையினுள் முதியவர் ஒருவரைக் கண்டோம். தொப்பியணிந்து, தராசுத் தட்டில் நட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நானா, எம்20க்கு மக்னீற்றோ உண்டோ?"

அவர் நிமிர்ந்து பார்த்து, "யாழ்ப்பாணமா தம்பி?" என்றார். பின்னர் எழுந்து, பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை இறக்கினார். உள்ளே, செய்தித்தாளிற் சுற்றியபடி, நாம் தேடிய பொருள் இருந்தது. அம்புக்குறி சரி, பற்சக்கரம் சரி. மகன் கையாற் சுழற்ற, கம்பியின் முனையிலே நீலப் பொறி துள்ளியது.

விலையைக் கேட்டோம். அவர் கூறவில்லை. மாறாக அதனை வாங்கி, வாசலிலே வெயில் எரிக்கும் தகரத்தின்மீது வைத்து, "இருங்கோ, சாப்பிட்டுவிட்டு வருவோம்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியாற் பிடித்து எடுத்தார். கை வைக்க முடியாத சூடு. "இப்போது சுற்றுங்கோ" என்றார். மகன் சுற்றினான். பொறி இல்லை. மீண்டும் சுற்றினான். இல்லை.

"குளிர்ந்திருக்கும்போது எல்லா மக்னீற்றோவும் நல்ல மக்னீற்றோதான். நான் இதை இப்படியே தந்தால், நீங்கள் ஊருக்குப் போய்ப் பூட்டி, மூன்று கட்டை ஓடி, நடு வழியில் நிற்பீர்கள்" என்றார் அவர்.

அவர் விளக்கியது இதுதான். உருளியினுள்ளே பொதிந்த கண்டென்சர் என்னும் சிறு உறுப்பு எழுபது எண்பது ஆண்டுகளிற் கெட்டுவிடும். கம்பிச் சுற்றுகளைக் காக்கப் பூசிய அரக்கும் வெப்பத்தில் இளகும். குளிர்ந்த வேளையில் இக்குற்றம் தெரியாது, சூடேறியபின்னரே வெளிப்படும். வெறுங்கூட்டின் விலையை மாத்திரம் பெற்றுக்கொண்டு, மருதானையிலே கம்பி சுற்றித் தரும் ஒருவரின் இடத்தையும் எழுதிக் கொடுத்தார். நாம் விடைபெறும்போது, "ஓடினால் ஒரு சொல் அனுப்புங்கோ" என்றார்.

கொட்டிலிலிருந்து படலைவரை

மூன்று வாரங்களின் பின்னர், புதிய சுற்றும் புதிய கண்டென்சரும் பெற்ற மக்னீற்றோ ஊர் வந்து சேர்ந்தது. நானாவின் பாடத்தை மறவாது, அதனை எம் வீட்டு முற்றத்து வெயிலிலே வைத்துச் சோதித்தோம். பொறி குன்றவில்லை. தொடுவாயின் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்திற் பன்னிரண்டு பங்காக அமைத்துப் பூட்டினோம்.

எமக்கிருந்த அச்சம் வேறு. மக்னீற்றோவின் தகட்டிலே அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். தந்தையார் அதனைப் பார்ப்பார் என்பதை அறிவோம். நாவற்குழி இரவை அவர் மனத்திலே மீண்டும் கிளறிவிடுவோமோ என்று தயங்கினோம்.

அவர் தடியூன்றி வந்தார், குனிந்தார், தகட்டை விரலால் தடவினார்.

"இது எங்களுடையது அல்ல."

"அல்ல, ஐயா. கொழும்பில் வாங்கினோம்."

சற்று நேரம் பேசாது நின்றார். பின்னர், "அது அங்கே கிடக்கட்டும். அன்றைக்கு அம்மாவைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது" என்றார்.

அந்நிகழ்ச்சியைப் பற்றி அவர் சொல்லி நாம் கேட்டது அதுவே முதற்றடவை.

மகன் உதைப்பதற்குக் காலை உயர்த்தினான். "தம்பி, பொறு" என்ற தந்தையார், இடக்கைப் பிடியருகேயுள்ள சிறு நெம்பைத் தாமே திருப்பினார். பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்வது அந்நெம்பு. அதனைத் திருப்பாது உதைத்தால் வண்டி காலைத் திருப்பி உதைத்துவிடும். அத்தனை நூல்களைப் புரட்டிய நாம் அதனை மறந்திருந்தோம். அவர் கை மறக்கவில்லை.

மூன்றாம் உதையில் வண்டி பேசிற்று. எம்20இன் குரல் அவசரமற்றது. ஒவ்வோர் அடியையும் எண்ணலாம். தந்தையாருக்கு இப்பொழுது செவிப்புலன் மிகக் குறைவு. ஆதலால் பெற்றோல் தாங்கியின்மீது உள்ளங்கையை வைத்து, எஞ்சின் நன்கு சூடேறும்வரை நின்றார். பொறி தவறவில்லை. அயலவர் வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்தார். "பழைய இரும்பு ஓடுகிறது" என்றோம்.

மாலையிலே மகன் வண்டியைப் படலைவரை ஓட்டிச் சென்று திரும்பினான். அன்றிரவே பஞ்சிகாவத்தை நானாவுக்கு ஒரு கடிதம் எழுதி, வண்டியின் நிழற்படம் ஒன்றையும் உள்ளே வைத்தோம்.

இதனை வாசிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் துருப்பிடித்த பொருளொன்று கிடக்கலாம். அதனை நிறுத்து விற்பதற்கு முன்னர், வீட்டிலுள்ள முதியவரிடம் அதன் கதையைக் கேளுங்கள். பழைய உறுப்பை வாங்க நேர்ந்தாலோ, அம்புக்குறியைப் பாருங்கள். வெயிலில் வைத்துப் பாருங்கள். பின்னர் விலை பேசுங்கள்.