எழுத்தில் இல்லாத பாதை

கல்குடா ரெயில் நிலையத்துக்குக் கிட்ட பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவருக்காக வாழைச்சேனை நீதவான் முன் நின்றேன். ரெயில் றிசேவ் காணியை விட்டு எழும்பச் சொல்லி அவருக்கு நோட்டிஸ் வந்திருந்தது. கொண்டுவந்த சொப்பிங் பையை என் மேசையில் கவிழ்த்தார்: கரண்ட் பில், வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம சேவகரின் கடிதம். கடிதத்தில் கருவாட்டு வாசம். மடிப்புக் கிழிந்த இடத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார்.

கடையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பேச்செல்லாம் பாதையைப் பற்றித்தான். சண்டைக்காலத்தில் ரெயில் ஓடாத நாட்களில் தண்டவாள ஓரம்தான் அவருக்கு ஒழுங்கை. மீன்பெட்டியைக் கரியரில் கட்டி அதால்தான் சைக்கிள் உழக்குவாராம். "மாரியில றோட்டெல்லாம் தண்ணி நிக்கும் மனே. ரெயில் மேடு நனையாது." போறவாறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கியதுதான் பிறகு கடையானது. ரெயில் திரும்பி வந்தது, கடை நின்றுவிட்டது.

சட்டம் இரக்கமில்லாமல் தெளிவாக இருந்தது. பத்து வருட ஆட்சியுரிமையைத் தரும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அரசைத் தொடாது. அரச காணியை மீட்கும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமோ, 9ஆம் பிரிவில் வாயையே கட்டிவிடுகிறது: அரசு எழுத்தில் தந்த செல்லுபடியான அனுமதி உண்டா, இல்லையா? அவ்வளவுதான்.

அந்த நாட்களில் அமெரிக்காவின் பிரிசோ வழக்கை வாசித்துக்கொண்டிருந்தேன். வெர்மொண்டில் ஏரிக்கரையோரம் கைவிடப்பட்ட ரெயில் பாதையை நடைக்கும் சைக்கிளுக்கும் விட்டார்கள். ரெயில் போனால் காணி எங்களுக்குத்தானே என்று பக்கத்துக் காணிக்காரரான பிரிசோ குடும்பத்தினர் வழக்காடினார்கள். என்றாவது ரெயில் திரும்பலாம், அதுவரை பாதையைக் காத்துவைக்கலாம் என்ற 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், 1990இல். நட்டஈடு கொடுக்கத்தான் வேண்டும் என்று 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அங்கே ரெயில் திரும்புவது காகிதத்தில் உள்ள ஒரு நம்பிக்கை. இங்கே ரெயில் உண்மையிலேயே திரும்பியது. 1990இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேரவில்லையா? இடைப்பட்ட காலத்தில் பாதையில் கால் வைத்தவனுக்கு மட்டும் எங்கள் சட்டத்தில் பெயரில்லை. இதை மன்றில் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். பிரிசோ குடும்பத்திடம் காணி உறுதி இருந்தது, என் கட்சிக்காரரிடம் கரண்ட் பில்.

வெளியேற்றும் கட்டளை வந்தது. படியிறங்கும்போது கேட்டார்:

"கடைக்குத்தான் எழுத்து வேணும். சைக்கிளுக்கு?"

"அதுக்கு வேற சட்டம் ஐயா. 1902இல் போட்டது. ரெயில் பாதையில போறதே குற்றம்."

விரலை மடக்கி எண்ணினார். மட்டக்களப்புக்கு ரெயில் வந்ததே 1928இல் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ரெயில் வர முதலே என்னப் பிடிக்கச் சட்டம் போட்டு வெச்சிருக்காங்க மனே!" என்று சிரித்துக்கொண்டே சைக்கிள் பூட்டைத் திறந்தார்.