எங்கள் வீட்டு மணி

எங்கள் மணிக்கு வயது 11. அறுத்த வயலில் எலி பிடித்து வளர்ந்த நாட்டு நாய். மூன்று ஆண்டுகளாக அதற்குத் தீராத அரிப்பு. வாலடியில் முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்துவிட்டது.

"பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுங்கள்" என்றனர் அக்கம்பக்கத்தார். சகோதரிகள் நாங்கள் இருவரும் பயந்து, யாரோ சொன்னபடி டிராக்டரின் கழிவு எண்ணெயைத் தடவினோம். மணி அதை நக்கி, இரவெல்லாம் வாந்தி எடுத்தது. நாங்கள் அழுதோம்.

மறுநாளே அப்பா, 2012-இல் ஒரத்தநாட்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மணியைக் கொண்டு சென்றார். டாக்டர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். "சொறிப்பூச்சி இல்லை. தெள்ளுப்பூச்சியின் எச்சில் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஒவ்வாமை யாருக்கும் ஒட்டாது. முழுவதும் தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம்" என்றார்.

தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் பெரும்பாலும் நாயின் மேலல்ல, அது படுக்குமிடத்தில்தான் இருக்குமாம். ஆகவே வைக்கோலை அகற்றிச் சாக்கு விரித்தோம். வாரந்தோறும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துகிறோம். மருந்து ஷாம்பூ தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் குளிப்பாட்டுகிறோம். மாதம் ஒருமுறை பிடரியில் மருந்துச் சொட்டு விடுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கிடையாது. மாத்திரையை டாக்டரைக் கேளாமல் கூட்டுவதுமில்லை, நிறுத்துவதுமில்லை.

அரிப்பு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. வாலடியில் முடி முளைக்கிறது. அந்த எண்ணெயை நினைத்தால் மட்டும் இன்றும் மனம் கூசுகிறது. இத்தனை ஆண்டுகள் வாசலைக் காத்த வாயில்லா ஜீவனுக்கு வாரம் ஒரு மணி நேரம் தருவது பெரிதா, தோழியரே?