அரூரில் ஒரு பென்சில் கல்!

மெட்டலர்ஜி பசங்க மட்டும் கொஞ்சம் சும்மா இருங்க. மத்தவங்க சொல்லுங்க... மாலிப்டினம்னா என்ன? மாத்திரை பேர் மாதிரி இருக்குல்ல? அது ஒரு உலோகம் பாஸ். அணு எண் 42. இரும்பு 1,538 டிகிரியில் உருகி ஓடும். இது 2,623 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அசராம நிற்கும். நான் இதைப் பத்தி ரெண்டு செமஸ்டர் எழுதி மார்க்கும் வாங்கிட்டேன். வைவாவில், “நீ அதைக் கண்ணால பார்த்திருக்கியாப்பா?”னு ஒரு கேள்வி வந்தது. திருதிருனு முழிச்சேன். அந்தக் கடுப்பில் கிளம்பினதுதான் இந்தப் பயணம்.

எங்கே போனேன்னு கேளுங்க. அமெரிக்காவுக்கோ சிலிக்கோ இல்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் அரூர் பஸ்!

மஞ்சவாடி கணவாயில் பஸ் முக்கி முனகி ஏறும்போது ஜன்னல் சீட் கிடைச்சா, நீங்க கொடுத்துவெச்சவங்க. ரெண்டு பக்கமும் மலை. இறங்கினதும் குச்சிக்கிழங்குக் காடு, புளிய மரம், கடலைச் செடி. அரூரில் இருந்து ஊத்தங்கரை வரைக்கும் நீளுற இந்தப் பாறை வரிசைக்குள்தான் மாலிப்டினைட்னு ஒரு தாது இருக்கு. மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வந்து துளை போட்டுப் பார்த்து, உறுதி செஞ்ச சமாசாரம்.

ஊர் எல்லையில் இறங்கி அரை மணி நேரம் நானும் ரூம்மேட்டும் கல் பொறுக்கினோம். பளபளனு ஒண்ணு கிடைச்சதும், ‘கண்டுபிடிச்சுட்டோம்டா’னு ஒரே ஆட்டம். நகத்தால் கீறினா கண்ணாடி மாதிரி ஏடு ஏடா உரிஞ்சு வந்துச்சு. மைக்கா! ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த அக்கா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில் இருக்கு.

அவங்கதான் ஒரு பெரியவர் வீட்டைக் கைகாட்டினாங்க. விஷயத்தைச் சொன்னதும், “அந்தப் பென்சில் கல்லா கண்ணு?”னு கேட்டுட்டு, மாட்டுக் கொட்டாய் மாடத்தில் இருந்து ஒரு துண்டை எடுத்து வந்தார். வெள்ளைக் குவார்ட்ஸ். அதுக்குள்ள அங்கங்கே ஈயக் கலரில் சின்னச் சின்னச் செதில். தொட்டா வழவழனு விரல் கறுப்பாச்சு. அவர் பேத்தி சின்ன வயசில் இதை வெச்சுத்தான் சுவத்தில் கிறுக்குவாளாம்.

இந்தப் பாப்பா ஏமாந்தது தப்பே இல்லை. ‘மாலிப்டோஸ்’னா கிரேக்கத்தில் ஈயம். பல நூறு வருஷமா ஐரோப்பாவில் ஈயத் தாது, பென்சில் கிராஃபைட், இது மூணையும் போட்டுக் குழப்பிக்கிட்டாங்க. 1778-ல் கார்ல் ஷீலேங்கிற வேதியியல்காரர் இதை நைட்ரிக் அமிலத்தில் போட்டார். வெள்ளைப் பொடி வந்துச்சு. கிராஃபைட்டில் அது வராது. 1781-ல் இன்னொரு ஸ்வீடன்காரர் யெல்ம், அந்தப் பொடியில் இருந்து உலோகத்தைப் பிரிச்சார்.

எங்ககிட்ட அமிலம் இல்லை. பெரியவர் வீட்டுப் பீங்கான் கப் இருந்தது. அதில் என் பென்சிலைத் தேய்ச்சா கறுப்புக் கோடு. கல்லைத் தேய்ச்சா லேசா பச்சை கலந்த சாம்பல் கோடு. ரெண்டு செமஸ்டர் புஸ்தகம் அந்த ஒரு கோட்டில் நிஜமாச்சு. (கப்பைக் கழுவிக் கொடுத்துட்டோம். நல்ல பிள்ளைங்கதான் நாங்க.)

அந்த வழவழப்புக்குக் காரணம் இருக்கு. சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா உட்கார்ந்திருக்கும். லேசாத் தள்ளினாலே ஒரு அடுக்கு மேல இன்னொண்ணு வழுக்கும். மெக்கானிக் ஷெட்டில் கறுப்பு கிரீஸ் பார்த்திருப்பீங்களே, காரில் வீல் பக்கத்து ஜாயின்ட்டில் அப்புவாங்க... பல பிராண்டில் இந்தத் தாதுதான் கலந்திருக்கு. அதே தாதுவை வறுத்து, கந்தகத்தைத் துரத்தி உலோகமாக்கினா குணமே தலைகீழ். சூட்டுக்கும் அசையாது, பாரத்துக்கும் அசையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316னு ரெண்டு ரகம் இருக்கு. 316-ல் 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம். அந்தச் சிட்டிகைக்குத்தான் மரியாதை. கடற்கரைக் காத்து உப்பு 304-ஐப் புள்ளி புள்ளியா அரிக்கும். 316 அவ்வளவு சீக்கிரம் மசியாது.

இதையெல்லாம் நான் பெருமையா அளந்துவிட, பெரியவர் பொறுமையாக் கேட்டார். அப்புறம் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு மூலையைக் காட்டினார். தரையில் கையகலத்துக்கு ஒரு சிமென்ட் மூடி. “மிஷின் வெச்சுத் துளை போட்டாங்க. உருட்டு உருட்டாக் கல்லு எடுத்துப் பெட்டியில அடுக்கிட்டுப் போனாங்க. பையன் இங்க போர்வெல் போடணும்கிறான். லட்சக்கணக்குல செலவு. சொல்லு கண்ணு... தோண்டுவாங்களா, மாட்டாங்களா?”

சத்தியமா எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

தெரிஞ்ச கணக்கைச் சொன்னேன். இந்தியச் சுரங்கப் பணியகத்தின் 2010 கணக்குப்படி நாடு முழுக்க இந்தத் தாதுப் பாறை சுமார் 1 கோடியே 94 லட்சம் டன். ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில். ஆனா, அத்தனை பாறைக்குள்ளும் இருக்கிற மாலிப்டினைட் சுமார் 12,640 டன்தான். வகுத்துப் பாருங்க... சராசரியா ஒரு டன் பாறைக்கு 650 கிராம்.

“ஒரு டிராக்டர் லோடுன்னா?”

“மூணு டன்னுன்னு வெச்சா, ரெண்டு கிலோ அய்யா.”

தலையைத் திருப்பித் தன் கடலைக் காட்டை ஒருமுறை பார்த்தார். ஒண்ணும் சொல்லலை.

2023-ல் மத்திய அரசு அறிவிச்ச 30 முக்கியக் கனிமங்களில் மாலிப்டினமும் ஒண்ணு. அந்த வருஷம் நவம்பரில் ஏலத்துக்கு விட்ட முதல் 20 தொகுதிகளில் நொச்சிப்பட்டி, வேலம்பட்டினு தமிழ்நாட்டு மாலிப்டினம் தொகுதிகள் இருந்துச்சு. தேவைக்கு வெளிநாட்டையே நம்பி நிற்கிற நாடு, தேடத்தான் செய்யும். அது எனக்குப் புரியுது. லிஸ்ட்டில் பேர் வந்த மறுநாளே ஜேசிபி வந்து நிற்காது, ஆய்வு, அனுமதினு வருஷக்கணக்கில் ஆகும். அதுவும் புரியுது. ஆனா அந்த வருஷங்களில் ஒருத்தர் போர் போடறதா, வேணாமா? என் சிலபஸில் அதுக்கு யூனிட் இல்லை.

“உங்க சர்வே நம்பர் எந்தத் தொகுதிக்குள்ளயாவது வருதானு தர்மபுரி கலெக்டர் ஆபீஸ்ல கனிமவளப் பிரிவுல கேளுங்க அய்யா. எழுத்துல கேளுங்க”னு மட்டும் சொன்னேன். அவர் மகன் அதை செல்போனில் டைப் பண்ணிக்கிட்டார். உருப்படியா நான் செஞ்ச ஒரே வேலை அது.

கிளம்பும்போது பெரியவர் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். காய் இன்னும் பால்தான். வேரில் குட்டிக் குட்டி முடிச்சு. அப்பதான் சட்டுனு ஞாபகம் வந்துச்சு. காத்தில் இருக்கிற நைட்ரஜனை உரமா மாத்துற பாக்டீரியா அந்த முடிச்சுக்குள்ள இருக்கு. அதுக்கு உதவுற நைட்ரோஜினேஸ் என்சைமில் மாலிப்டினம் உண்டு. மண்ணில் இருந்து துளியூண்டு எடுத்துக்கும். அதுகூடக் கிடைக்கலைன்னா செடி வெளுத்துப்போகும். சொன்னேன்.

“அப்ப எங்க கடலை ஏற்கெனவே தோண்டிட்டுதான் இருக்குதுங்கிற!”

முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சார்.

கல்லை அவர்கிட்டயே கொடுத்துட்டேன். என் நோட்டில் அது போட்ட கோடு மட்டும் இருக்கு. விரல் பட்டா இன்னும் ஒட்டுது. கடலை பிடுங்கும்போது வரச் சொல்லியிருக்கார். கலெக்டர் ஆபீஸில் என்ன பதில் வந்துச்சுனு அப்ப கேட்கணும். மஞ்சவாடி வழியா ஜன்னல் சீட்டுக்கு யாராவது வர்றீங்களா?