லேசா மிதிச்சா திணறுற வேன்

ஆம்பூரைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல விடிஞ்சதும் முதல்ல கேக்கிறது ஷூ கம்பெனி வேனுங்களோட ஹாரன்தான். பாலாத்தங்கரைக் கிணறுங்க தோல் கழிவால உப்பாயி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, 1996-ல தீர்ப்பு வந்தது உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். நெல்லு கைவிட்ட வீடுகள்ல இன்னைக்கு அடுப்பு எரியறது இந்த வேன்ல ஏறிப் போற பொண்ணுங்களோட சம்பளத்துல.

எங்க தெருவுல பக்கத்து வீட்டுப் பையன் கடன் வாங்கி அப்படி ஒரு வேன் ஓட்டுறான். பழைய பெட்ரோல் வண்டி. ஆக்சிலேட்டர் கேபிள்தான், ஆனா பெட்ரோலை அளந்து விடறது கம்ப்யூட்டர். ரெண்டு மாசமா ஒரு கோளாறு: நின்னு கிளம்பும்போது ஒரு குலுக்கு, ஒரு நொடி இழுவையே இருக்காது, அப்புறம் பாயும். ஊர் ரோட்டுல சமாளிச்சிடலாம். சர்வீஸ் ரோட்டுல இருந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில ஏறும்போது, பின்னாடி லாரி வர, எட்டுப் பேரோட வண்டி திணறினா? ரெண்டு பேர் இனிமே இந்த வேன்ல வரமாட்டோம்னுட்டாங்க.

மெக்கானிக் பிளக் மாத்தினார், பெட்ரோல் ஃபில்டர் மாத்தினார். ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல. கடைசியா, கம்ப்யூட்டரையே மாத்தணும்னு சொல்லிட்டார்.

“இன்னா சித்தப்பா பண்றது? வித்துடட்டுமா?”ன்னு வந்து நின்னான்.

“விக்கிறதுக்கு முன்னாடி ஒருவாட்டி அளந்து பாத்துடலாம் வா”ன்னேன். கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்காக வெச்சிருக்கிற முள் மீட்டர் வீட்டுல இருந்துச்சி.

பெட்ரோல் பத்தலைன்னா மேட்டுல, முழுசா மிதிக்கும்போதுதான் வண்டி அதிகமா திணறும். இது முழுசா மிதிச்சா நல்லா போகுது, லேசா மிதிக்கிற ஒரே இடத்துலதான் மக்கர் பண்ணுது. அதனால சந்தேகம் த்ராட்டில் பொசிஷன் சென்சார் மேல. காத்து போற வழியில இருக்கிற தகடு எவ்வளவு திறந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். உள்ள ஒரு கார்பன் தடம், அதுமேல நகர்ற ஒரு சின்ன கை. பழைய ரேடியோவோட வால்யூம் திருகு மாதிரியே. மூணு ஒயர்: ஒண்ணுல 5 வோல்ட், ஒண்ணு எர்த், மூணாவதுல சிக்னல். தகடு மூடியிருந்தா சுமார் அரை வோல்ட், முழுசா திறந்தா நாலு, நாலரை.

முதல்ல கனெக்டர். உப்புத் தண்ணியில கழுவுற வண்டியாச்சே, பின்னுல பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கலாம். இல்ல, சுத்தமா இருந்துச்சி. 5 வோல்ட் வருது, எர்த் சரி. ஒயரை ஆட்டிப் பாத்தாலும் மாற்றமில்ல. அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன்ல வெச்சி, சிக்னல் ஒயர்ல மீட்டரை வெச்சி, தகடை மெள்ள மெள்ளத் திறக்கச் சொன்னேன். முள் ஏறிச்சி. கொஞ்சம் ஏறினதும் சடார்னு கீழ விழுந்து மறுபடி ஏறிச்சி. திரும்பத் திரும்ப அதே இடம். டிஜிட்டல் மீட்டரா இருந்தா அந்தத் துள்ளல் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

தினமும் லேசா மிதிச்சி ஓட்டுற அந்த இடத்துலதான் தடம் தேஞ்சி போயிருக்கு. சிக்னல் விழுந்ததும், டிரைவர் காலை எடுத்துட்டான்னு நெனச்சி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்குது. விழறது கண்ணிமைக்கிற நேரம்தான், அதனால ஸ்கேனர்ல பதிவாகல. கம்ப்யூட்டர் மேல குத்தமே இல்ல.

சென்சாரை மட்டும் மாத்தினோம், ரெண்டு ஸ்க்ரூதான். மூடின நிலையில வோல்ட் எவ்வளவு இருக்கணுமோ அதைச் சரிபார்த்து இறுக்கினோம். குலுக்கு நின்னுபோச்சி. வரமாட்டோம்னு சொன்ன ரெண்டு பேரும் இப்போ மறுபடி ஏறுறாங்க.

உங்க கார் புதுசுன்னா தகடை மோட்டார்தான் நகர்த்தும், கேபிள் இருக்காது. அதுல விரலை விட்டுத் திறக்காதீங்க. ஆனா எந்த வண்டியா இருந்தாலும், பெரிய சாமானை மாத்தணும்னு யாராவது சொன்னா, “எங்க அளந்தீங்க, எவ்வளவு வந்துச்சி?”ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம் பணத்தை எடுங்க.