செத்தாலும் விலைபோகும் பேட்டரி

தில்லி, சீலம்பூர் மெட்ரோ நிலையத்தின் கீழே காலையிலேயே நெரிசல். பேட்டரி ரிக்‌ஷாக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் இவற்றைத் தடை செய்தது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டது. இன்று யமுனையின் கிழக்குக் கரைச் சந்துகளுக்குள் நுழைய இவற்றை விட்டால் வேறு கதியில்லை. சத்தம் இல்லை, புகையும் இல்லை.

அதாவது, இங்கே இல்லை.

ஒவ்வொரு ரிக்‌ஷாவிலும் வழக்கமாக நான்கு பேட்டரிகள். எடையில் பாதிக்கு மேல் காரீயம். இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, பகலெல்லாம் ஓட்டினால் சுமார் ஓராண்டில் தளர்ந்துவிடும். ஆனால் அதை யாரும் குப்பையில் எறிவதில்லை. பழைய கணினிகளைப் பிரித்தே பிழைக்கும் சீலம்பூருக்குக் கழிவின் விலை தெரியும். இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்கு மட்டுமல்ல.

பழைய பேட்டரிக்கு முன்னே இரண்டு பாதைகள். ஒன்று, பதிவு பெற்ற தொழிற்சாலை. அங்கே இயந்திரம் உடைக்கிறது, அமிலம் முறிக்கப்படுகிறது, உலைப் புகை வடிகட்டப்படுகிறது. உருக்கிய ஈயம் மீண்டும் பேட்டரியாகிறது. எத்தனை முறை உருக்கினாலும் ஈயம் தேய்வதில்லை.

மற்றொன்று, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை. கோடரியால் பிளக்கிறார்கள். அமிலம் மண்ணில் ஓடுகிறது. திறந்த உலையில் தகடுகள் உருகுகின்றன. ஈயத்தூள் தொழிலாளியின் சட்டையில் ஒட்டி அவர் வீட்டுக் குழந்தையிடம் போகிறது.

கொட்டகைக்காரருக்கு வடிகட்டிச் செலவில்லை, வரியில்லை. எனவே கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகத் தர முடிகிறது. கடனில் புது பேட்டரி வாங்கும் ஓட்டுநருக்கு அந்தச் சில ரூபாய் பெரிது.

பழைய பேட்டரிகளை விற்பனையாளர்களே திரும்பப் பெற வேண்டும் என்றது 2001ஆம் ஆண்டு விதி. மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்கிறது 2022ஆம் ஆண்டு விதி. இடையில், 2020இல் யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. பாத்திரம், மசாலா, பெயின்ட் என்று காரணங்கள் பல. பேட்டரிக் கொட்டகை அவற்றுள் முக்கியமானது. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

கொட்டகைகளுக்குப் பூட்டுப் போட்டால் அடுத்த சந்தில் இன்னொன்று முளைக்கும். பதிவு பெற்ற ஆலை அந்தச் சில ரூபாயைச் சேர்த்துத் தரும் நாளில்தான் பேட்டரி தானாகப் பாதை மாறும். அந்தச் செலவை யார் ஏற்பது? இப்போதைக்கு அதைக் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள்தான் ஏற்கிறார்கள்.