எக்ஸ்.எல்.ஆர். கேபிளும் ஈ.சி.ஜி. மெஷினும்: ஒரு த்ரெட்

1/ வீட்டில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிப் பாட்டு கேட்பவரா நீங்கள்? "ஆர்.சி.ஏ. கேபிளைத் தூக்கிப் போட்டுட்டு பேலன்ஸ்டுக்கு மாறுங்க, சவுண்ட் வேற லெவல்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். காசு போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2/ எனக்குப் பழக்கமான ஈ.சி.ஜி. மெஷினை வைத்தே சொல்கிறேன். இதயத்தில் இருந்து தோலுக்கு வரும் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட்தான். சுற்றிலும் 230 வோல்ட் வயரிங். அதன் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உடம்பிலும் ஏறும். பிறகு எப்படி கோடு சுத்தமாக வருகிறது?

3/ லீட் 1 என்பது இடது கை வோல்டேஜில் இருந்து வலது கை வோல்டேஜைக் கழித்தது. இரைச்சல் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கழித்தால் காலி. இதயத்தின் சிக்னல் இரண்டிலும் வேறு வேறு. அது மட்டும் மிஞ்சும்.

4/ பேலன்ஸ்டு கனெக்‌ஷனும் இதே கணக்குதான். எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் 3 பின். 1 கிரவுண்ட், 2 சிக்னல், 3 பெரும்பாலும் அதே சிக்னல் தலைகீழாக. ஆம்ப் 2-இல் இருந்து 3-ஐக் கழித்துவிடும். ஆர்.சி.ஏ.வில் சிக்னலுக்கு ஒரே வயர், ஷீல்டுதான் திரும்பும் பாதை. ஷீல்டில் ஓடும் இரைச்சல் பாட்டோடு கலந்துவிடும்.

5/ அப்போ எல்லாருக்கும் எக்ஸ்.எல்.ஆர். வேணுமா? வேண்டாம். ஒரே ஷெல்ஃபில் 1 மீட்டர் கேபிள், இரைச்சலும் இல்லை என்றால் ஆர்.சி.ஏ. போதும். கேபிள் 5, 10 மீட்டர் போகிறது, ஹம் கேட்கிறது என்றால் பேலன்ஸ்டு உதவும். சும்மா அடாப்டர் மாட்டினால் ஆர்.சி.ஏ. பேலன்ஸ்டு ஆகிவிடாது.

6/ "மாத்தினதும் சவுண்ட் நல்லா இருந்துச்சே டாக்டர்?" அது கெயின் செய்யும் வேலை. பல டி.ஏ.சி.க்களில் ஆர்.சி.ஏ. 2 வோல்ட் தரும், எக்ஸ்.எல்.ஆர். 4 வோல்ட் தரும். வோல்டேஜ் இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபல் கூடுதல். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டுப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

7/ இன்னொன்று. 4 வோல்ட்டைத் தாங்காத ஆம்ப் இன்புட்டில் ஒலி கிளிப் ஆகிக் கரகரக்கும். வால்யூமை லேசாகத் திருப்பினாலே அலறும். மேனுவலில் இன்புட் அளவைப் பாருங்கள்.

8/ இனி சொல்வதுதான் முக்கியம். ஹம் போகவேண்டும் என்று 3 பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிறார்கள், டேப் சுற்றுகிறார்கள். ஹம் நிற்கலாம். ஆனால் உள்ளே லைன் வயர் மெட்டல் பாடியைத் தொட்டால், கரண்ட் போக வழி இருக்காது. தொடுபவர்தான் வழி. கையில் நுழைந்து நெஞ்சு வழியே போகும் சில பத்து மில்லிஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை எடுக்கலாம்.

9/ சரியான வழிகள்:
- எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள்.
- சிக்னல் கேபிளில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.
- இரண்டு பக்கமும் வசதி இருந்தால் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள்.
- வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

10/ கம்பெனியே டபுள் இன்சுலேஷன் செய்து 2 பின் கொடுத்திருந்தால் பயமில்லை. 3 பின் கொடுத்திருந்தால் மூன்றும் இருக்கவேண்டும். இன்றைக்கே உங்கள் ஆம்ப் பிளக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.